விலை உயர்ந்த சாப்பாடும் முத்துச் சிப்பியும்



"இவ்வளவு விலை வைத்திருக்கிறான் என்றால் சாப்பாடும் அதற்கேற்ற மாதிரிதானே இருக்கும்?" இந்தப் பேச்சு இப்போது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். பிறந்தநாள், திருமண நாள் என்றால் நம்மையும் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போகிறார்கள். நாலு பேர் சாப்பிட்டு எழுந்தால் நம் பென்ஷனில் ஒரு நல்ல பகுதி அங்கேயே போய்விடுகிறது. பணம் அவர்களுடையது, பாசத்தில் செய்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் "விலை அதிகம், அதனால் தரமும் அதிகம்" என்ற நம்பிக்கை சரியா என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இதற்குப் பதில் தேடித் தூத்துக்குடிக்காரன் வெளியூர் போக வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பொருளுக்கு விலை வைத்து ஏலம் விட்ட கரை நம்முடையது. முத்துச் சலாபத்தின் கதையைச் சொன்னால் ஓட்டல் கதையும் பாதி சொன்ன மாதிரிதான்.

திறக்காத சிப்பிக்கு ஒரு விலை

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி வளரும் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். நம் ஊருக்கு நேரே இருக்கும் தொலையாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. பாண்டியர் காலத்தில் இந்தத் தொழிலுக்குத் தலைமையிடம் கொற்கை. இன்று ஏரல் பக்கம், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூராக இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கையேடு கொற்கையைக் குறிப்பிடுகிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. ரோமாபுரிச் சீமாட்டியின் காதில் ஆடிய முத்தின் விலையில் குளித்தவனுக்கு என்ன பங்கு கிடைத்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் தங்களுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். சுறா வராமல் மந்திரம் சொல்லிக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. நம் கரையில் கடல்கட்டி என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அதற்குப் பின் ஆங்கிலேயர். கொடி மாறியதே தவிர, கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கியவர்கள் பரதவரும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும்தான். ஒரு முங்குக்கு ஒரு நிமிஷம், அல்லது அதற்குச் சற்று முன்பின்.

ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடுதான் நம் கேள்விக்கு முக்கியம். சலாபம் அறிவிப்பதற்கு முன்பே பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அதில் கிடைத்த முத்துகளை மதிப்புப் போட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று அறிவிப்பு வெளியிடுவார்கள். அதைப் பார்த்து வணிகர்கள் கூடுவார்கள். குளித்து வந்த சிப்பிகளைக் கோட்டு என்ற அடைப்புக்குள் கொட்டி மூன்று கூறாகப் பிரிப்பார்கள். இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளித்தவர்களுக்கும் படகுக்கும். அரசின் கூறு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்கு வரும். ஒரு சிப்பியைக்கூடத் திறந்து காட்ட மாட்டார்கள்.

ஏலம் எடுத்தவர் சிப்பிகளைக் குவித்துச் சில நாள் அழுக விடுவார். ஊரே நாறும். சதை கரைந்த பிறகு தண்ணீரில் அலசி அலசித்தான் முத்தைப் பொறுக்க வேண்டும். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. இருப்பதிலும் பெரும்பகுதி கடுகு போன்ற பொடி முத்து. ஆக, பணம் கொடுத்த நாளுக்கும் தரம் தெரிந்த நாளுக்கும் நடுவில் ஒரு வாரத்துக்கும் மேலே இடைவெளி. அந்த இடைவெளியில் விலையை ஏற்றியதும் இறக்கியதும் வெறும் பேச்சுதான். யாருக்கோ நல்ல முத்து கிடைத்தது என்ற செய்தி பரவினால் மறுநாள் ஏலம் ஏறும். ஒன்றும் தேறவில்லை என்று முணுமுணுத்தால் இறங்கும். அதே பார், அதே சிப்பி, நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை.

குளித்தவர்கள் தங்கள் பங்குச் சிப்பியைக் கோட்டுக்கு வெளியே சில்லறையாக விற்பார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து என்று வாங்க ஒரு கூட்டம் காத்திருக்கும். லாட்டரிச் சீட்டு வருவதற்கு முன்பே நம் கரையில் இருந்த லாட்டரி அது.

இந்தச் சூதில் பெரிய கம்பெனிகளும் மாட்டின. 1905-இல் இலங்கைப் பக்கத்தில், மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபம் அதுவரை இல்லாத அளவுக்குப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பிகள் எடுத்தார்கள். அரசுக்குச் சுமார் 25 லட்ச ரூபாய் வருமானம். அதைப் பார்த்து மயங்கி, அடுத்த வருடமே லண்டனில் மூலதனம் திரட்டிய ஒரு கம்பெனி வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகை பேசி 20 வருடத்துக்குக் குத்தகை எடுத்தது. ஓரிரு வருடத்தில் சிப்பி வற்றிவிட்டது. கம்பெனியையும் கலைக்க வேண்டியதாயிற்று. கொடுத்த விலை பெரிது என்பதற்காகக் கடல் முத்தை அதிகமாகக் கொடுத்துவிடவில்லை.

சல்லடை சொன்னது

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப்பியை வாங்கும்போதுதான் சூது. முத்து கைக்கு வந்த பிறகு நம் ஆட்கள் சூதாடவில்லை. பத்து விதமான பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் துளை ஓர் அளவு. அதில் சலித்து முதலில் பருமனைப் பிரிப்பார்கள். பிறகு உருட்டிப் பார்த்து உருண்டை, வெளிச்சத்தில் பார்த்து ஒளி, நிறம். அதன் பிறகு மஞ்சாடி எடை. குறையில்லாத முத்துக்கு ஆணிமுத்து என்று பெயர். எடை இரண்டு மடங்கானால் விலை நாலு மடங்காகும் கணக்கு ஒன்றும் வைத்திருந்தார்கள். பெரிய முத்து அவ்வளவு அரிது என்பதால்.

விலை சொன்னதைக் கேட்டு முத்தை மதித்த வணிகன் அந்தக் காலத்தில் கடை நடத்தியிருக்க முடியாது. முத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னார்கள். நாம் ஓட்டலில் செய்வது இதற்கு நேர் எதிர். விலையைப் பார்த்துவிட்டு ருசியைத் தீர்மானிக்கிறோம்.

உலகத்தின் விலை உயர்ந்த விருந்து

முத்துக்கும் விருந்துக்கும் நேரடியாகவே ஒரு முடிச்சு உண்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில் இது வருகிறது. எகிப்து அரசி கிளியோபாட்ரா, ஒரே விருந்தில் ஒரு கோடி செஸ்டர்ஸ் செலவழித்துக் காட்டுகிறேன் என்று அந்தோணியிடம் பந்தயம் கட்டினாள். அந்தக் காலத்தில் ஒரு ரோமானியப் படைவீரனின் வருடச் சம்பளமே 900 செஸ்டர்ஸ்தான். பதினோராயிரம் வீரர்களின் ஒரு வருடச் சம்பளத்தை ஒரு வேளைச் சாப்பாட்டில் தீர்ப்பது என்றால் எப்படி? விருந்து வந்தது, வழக்கமான சாப்பாடுதான். அந்தோணி கேலி செய்தான். அரசி ஒரு கோப்பை காடியைக் கொண்டுவரச் சொன்னாள். காதில் கிடந்த முத்தைக் கழற்றி அதில் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டாள். கிழக்கத்திய அரசர்களிடமிருந்து வழிவழியாக வந்த முத்து அது என்கிறார் பிளினி. அடுத்த காதிலிருந்த முத்தையும் கழற்றப் போனபோது, நடுவராக இருந்தவர் பந்தயம் முடிந்தது என்று தடுத்துவிட்டாராம்.

கதை எவ்வளவு உண்மையோ, ருசி என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் சொல்லிவிடலாம். முத்தும் சிப்பி ஓடும் அடிப்படையில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அந்த ஓட்டைக் காளவாயில் சுட்டால் கிடைப்பதுதான் நாம் வெற்றிலைக்குத் தடவும் சிப்பிச் சுண்ணாம்பு. அதைப் புளித்த காடியில் கலந்தால் எப்படி இருக்கும்? உலக வரலாற்றின் மிக விலை உயர்ந்த பானம் அதுதான். ஒரு டம்ளர் பதநீருக்குக் கிட்டே வராது.

பிளினி இன்னொரு ஆளையும் சொல்கிறார். பிரபல நாடக நடிகர் ஒருவரின் மகன் குளோடியஸ். முத்துக்கு என்ன ருசி என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு விழுங்கிப் பார்த்தானாம். மிகப் பிரமாதமாக இருந்தது என்று சொல்லி, விருந்தாளிகளுக்கும் ஆளுக்கு ஒரு முத்து கொடுத்தானாம். கல்லை விழுங்கிவிட்டுப் பிரமாதம் என்று சொல்ல வைத்தது எது? நாக்கு இல்லை, விலைதான்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஒயினை, ஒரு தடவை 10 டாலர் என்றும் இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது அதிகம் பிடித்தது என்றார்கள். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இன்பத்தை உணரும் பகுதியே கூடுதலாக வேலை செய்தது. விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. எனவே பெரிய ஓட்டலில் சாப்பிட்டு வந்து "அடடா" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. விலையும் ஒரு மசாலாவாகச் சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏழைச் சாப்பாடு பணக்காரச் சாப்பாடு ஆன கதை

நம் கரையில் முத்துச் சிப்பியின் சதையை அழுக விட்டோம். ஐரோப்பாவில் தின்னும் சிப்பி வேறு குடும்பம். அதைப் பச்சையாகவே எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுவார்கள். இன்று பெரிய ஓட்டல்களில் ஐஸ் மேல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி விலை போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டனில் அது ஏழைகளின் சாப்பாடு. தெருவோரத்தில் விற்பார்கள். இறைச்சி வாங்கக் காசில்லாதவர்கள் சிப்பியைச் சேர்த்துப் பண்டம் செய்வார்கள். அளவுக்கு மீறி எடுத்து எடுத்துச் சிப்பி குறைந்தது. விலை ஏறியது. பணக்காரர் மேஜைக்குப் போய்விட்டது. அதன் ருசி மாறியதால் நடந்த காரியம் இல்லை இது.

சிங்கி இறாலின் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் குடியேறியவர்களுக்கு அது கொள்ளை மலிவு. வேலைக்காரர்களுக்கும் கைதிகளுக்கும் போட்டார்கள். பிறகு டப்பாவில் அடைத்து மலிவாக விற்றார்கள். ரயில் வந்து, ஊர்ப் பணக்காரர்கள் கடற்கரைக்குக் கோடை விடுமுறைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. இன்று நம் கரையில் பிடிபடும் சிங்கி இறாலும் ஏற்றுமதிக்கு என்று தனியாகப் போய்விடுகிறது. பிடிப்பவர் வீட்டுச் சட்டிக்கு வருவது அபூர்வம்.

சீலா மீனையும் சாளையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர் வஞ்சிரம் என்று சொல்லும் நம் சீலாவின் விலை எங்கேயோ இருக்கிறது. சாளை எப்போதும் மலிவு. ஆனால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு சாளையில் நிறையவே இருக்கிறது. மாங்காய் போட்டு வைத்த சாளைக் குழம்பு மறுநாள் காலையில் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. சீலாவுக்கு விலை அதிகம் என்றால் காரணம் இருக்கிறது. முள் குறைவு, துண்டு அழகாக வரும், வெளியூர்க்காரனும் பயமில்லாமல் சாப்பிடலாம். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் விலை.

ஜப்பான்காரர் காட்டிய வழி

விலைக்கும் தரத்துக்கும் உள்ள முடிச்சை முழுதாக அவிழ்த்துக் காட்டியவர் ஜப்பானின் மிக்கிமோட்டோ. சிப்பிக்குள் ஓர் உறுத்தலை வைத்து முத்தை வளர்க்கலாம் என்று 1893-இல் அரை உருண்டை முத்து எடுத்துக் காட்டினார். சில வருடங்களில் முழு உருண்டையும் வந்துவிட்டது. 1920-களில் அவை ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது நகைக்கடைக்காரர்கள் கலங்கிப் போனார்கள். கடல் முத்தையும் வளர்த்த முத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். 1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, முத்து விலை சரிந்தது.

1917-இல் நியூயார்க்கில் கார்ட்டியர் நகைக் கம்பெனி ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையை வாங்கியது. கொடுத்த விலை 100 டாலர் பணமும், பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள இரட்டைச் சர முத்து மாலையும். மாளிகை இன்றும் கம்பெனியிடம் இருக்கிறது. அந்த மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது 1,51,000 டாலருக்குத்தான் போனது. நாற்பது வருடத்தில் முத்தின் ஒளி குறைந்துவிடவில்லை. அரிது என்ற பேர்தான் போய்விட்டது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபங்கள். நம்மில் மூத்தவர்கள் சிலர் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின் இன்றுவரை சலாபம் இல்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் அழகர்சுவாமியும் அவருடைய குழுவினரும் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். இரண்டாயிரம் வருடம் அதிர்ஷ்டத்தை நம்பிய கரையில், தரத்தைக் கையால் உண்டாக்கலாம் என்று காட்டிய நாள் அது.

மக்ரூனும் நைட் கிளப்பும்

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். விலை எப்போதும் பொய் சொல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் மக்ரூனையே பாருங்கள். முந்திரிப் பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி, இவ்வளவுதான். மாவு கிடையாது. முந்திரி என்ன விலை விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்குக்குக் கீழே ஒருவர் மக்ரூன் விற்றால் முந்திரியில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அங்கே விலை உண்மை சொல்கிறது. அதே மக்ரூனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி நாலு மடங்குக்கு விற்றால், முந்திரி நாலு மடங்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இதுதான் நான் கண்ட கணக்கு. விலைக்கு ஓர் அடிமட்டம் உண்டு. நல்ல எண்ணெய், நல்ல அரிசி, நல்ல மீன் வாங்க இவ்வளவு ஆகும் என்ற மட்டம் அது. அதற்குக் கீழே போனால் ஏதோ ஒன்று குறைகிறது. அரசு மானியம் கொடுத்து நடத்தும் இடம் மட்டும் இதற்கு விலக்கு. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது, மீதியை அரசு கொடுத்ததால்தான். அடிமட்டத்துக்கு மேலே போகப் போக, விலை வேறு விஷயங்களைத்தான் சொல்ல ஆரம்பிக்கிறது. கட்டட வாடகை, குளிர்சாதனம், விளக்கு, சீருடை, விளம்பரம், கடன் வட்டி. அவையெல்லாம் நியாயமான செலவுகள்தான். ஆனால் அவற்றைத் தின்ன முடியாது.

நம் ஊரில் ராத்திரி புரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். வெளியூர்க்காரர் போர்டைப் பார்த்துவிட்டுத் திகைப்பார்கள். மேஜைத் துணி கிடையாது, மெனு கார்டு கிடையாது. கண் முன்னால் மாவு பிசைகிறார்கள், கண் முன்னால் வீசுகிறார்கள், கண் முன்னால் எண்ணெயில் பொரிகிறது. சால்னா நன்றாக இல்லையென்றால் அண்ணாச்சியிடம் முகத்துக்கு நேரே சொல்லலாம். மறுநாள் அவர் கடை திறக்க வேண்டும், அதே முகங்களைப் பார்க்க வேண்டும். இந்தப் பயம்தான் தரத்துக்குக் காவல். ஒரு தடவை மட்டும் வந்துவிட்டுப் போகும் ஆட்களை நம்பி நடக்கும் இடத்தில், எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் காவல் இல்லை.

சிங்கப்பூரில் 2016-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரான்சின் மிச்லின் கையேடு 1926 முதல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்து வருகிறது. ஒரு நட்சத்திரம் கிடைத்தால் விலை எகிறும். அந்த வருடம் சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுச் சந்தைக்குள் இருக்கும் சிறு கடைக்கு நட்சத்திரம் கிடைத்தது. கோழிச் சோறு ஒரு தட்டு இரண்டு சிங்கப்பூர் டாலர் அளவுதான். அதே வருடம் அதே கையேட்டில், ஒரு வேளைக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் இடங்களும் இருந்தன.

என் அனுபவத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வெளியூரில் பேர் சொல்லும் ஓட்டல் ஒன்றில் மீன் வறுவல் வந்தது. தட்டு அழகு, பக்கத்தில் பூ வேறு. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, ஐஸில் நாள்பட்ட மீன். பரிமாறிய தம்பியிடம் சொன்னேன். அவர் பாவம், "இன்று காலை வந்தது சார்" என்றார். கடற்கரையில் வளர்ந்தவனிடம் அந்தச் சமாதானம் எடுபடுமா? செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் இருக்கிறதா, அமுக்கினால் சதை திரும்ப எழும்புகிறதா என்று பார்த்து வாங்கிப் பழகிய கூட்டம் நாம். இன்னொரு பெரிய ஓட்டலில் அருமையான மீனும் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். விலையை மட்டும் பார்த்து எது எப்படி என்று சொல்லியிருக்க முடியாது.

பில்லைப் படியுங்கள்

விலை கூடுதலாகக் கொடுப்பதில் நியாயமும் உண்டு. சுத்தமான கழிப்பறை, வயதானவர்கள் உட்கார நல்ல நாற்காலி, சத்தம் இல்லாமல் நாலு வார்த்தை பேச இடம், மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட், வேலை செய்பவர்களுக்கு நேரத்துக்குச் சம்பளம். முழங்கால் வலிக்கும் நம் வயதில் இவை சின்ன விஷயம் இல்லை. இவற்றுக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் வருத்தம் வராது. ருசிக்காகக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தால்தான் ஏமாற்றம்.

பில் வந்ததும் கண்ணாடி போட்டுப் படியுங்கள். உணவகத்துக்கு ஜிஎஸ்டி பொதுவாக 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி இருந்தால், அது வரி இல்லை. அதைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். பரிமாறியவருக்குக் கொடுக்க விரும்பினால் அவர் கையிலேயே கொடுங்கள். கோட்டில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு என்று கண் முன்னால் பிரித்தார்கள். இங்கே அந்தப் பங்கு யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரிவதில்லை.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, அதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. மலிவான இடத்துக்குப் போகலாம் என்று வாய் திறந்து சொல்ல நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அப்பா அம்மாவுக்குக் குறைவாகச் செய்துவிட்டோமோ என்று நினைக்கிறார்கள். சிலர் கடன் அட்டையில் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். அந்த இடத்தில் நாம்தான் பேச வேண்டும். "அந்த மெஸ்ஸில் மீன் குழம்பு நன்றாக இருக்கும், அங்கேயே போகலாம்" என்று நாம் முதலில் சொன்னால் அவர்கள் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கும். பாசத்தை பில்லை வைத்து அளக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எந்த ஓட்டல் மேஜையிலும் மிக மலிவான பொருள் உப்புதான். குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிக உப்பு விளைவது நம் தூத்துக்குடியில். ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் தள்ளுவண்டிக்கும் ஒரே பாத்தியிலிருந்து போயிருக்கலாம். வெயிலில் கால் வெடிக்க அதை வாரியவர்களுக்குக் கிடைக்கும் கூலி எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த உப்பு இல்லாவிட்டால் எவ்வளவு விலை போட்ட பண்டமும் குப்பைக்குத்தான் போகும். விலையை வைத்து ஒரு பொருளின் மதிப்பை அளப்பவர்கள் அதையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.